ஊர் வரலாறும் அறிவிப்பாளர் தொடரும்

பிறந்த ஊரின்மீது பற்றுக் கொள்வது மனித இயல்பு. மக்காவை விட்டுப் புறப்பட்ட வேளையில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அந்நகரின்பால் தமக்கிருந்த நேசத்தை வாய்விட்டுச் சொன்னார்கள் என்பதை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. ஆகவே, தம் ஊரின் கதையை எழுதி வைக்கவேண்டும் என்று சிறு நகரங்களில் அன்பர்கள் சிலர் கூடி வரலாற்றுக் கழகம் அமைப்பதைக் காணும்போது மகிழ்ச்சியே உண்டாகிறது. பள்ளி ஆசிரியர் ஒருவர், ஓய்வு பெற்ற அலுவலர் ஒருவர், கடைக்காரர் ஒருவர், கல்லூரி மாணவர் இருவர், பள்ளிவாசல் இமாம் ஒருவர் எனச் சேர்ந்து, ஊதியம் எதுவும் கருதாமல் தம் மாலை வேளைகளைச் செலவிடுகின்றனர். இத்தகைய உழைப்பைக் குறைத்துப் பேச எவருக்கும் மனம் வராது.

ஆயினும் உழைப்பு உயர்ந்தது என்பதனாலேயே அதன் விளைவை உரைத்துப் பார்க்கும் கடமையும் நமக்கு வந்து சேர்கிறது. பொன்னைத்தான் உரைகல்லில் தேய்ப்பார்கள். பித்தளையை யாரும் தேய்ப்பதில்லை. இக்கழகங்கள் பொதுவாக வெளியிடுவது ஒரு மலர். பள்ளிவாசல் திறப்பு விழாவோ, பள்ளிக்கூடத்தின் பொன்விழாவோ, இலக்கிய மாநாடோ அதற்கு வாய்ப்பாக அமைகிறது. மலரை விரித்தால் முதலில் வாழ்த்துரைகள். அடுத்துப் புரவலர்களின் படங்கள். பின்னர் வணிக விளம்பரங்கள். இவற்றைத் தாண்டிச் சென்றால் ‘நமதூர் வரலாறு’ என்ற தலைப்பில் ஏழெட்டுப் பக்கங்கள் இருக்கும். அவையும் முன்பு வந்த மலரிலிருந்து எடுத்தவையாக இருக்கும். முன்பு வந்த மலர் அதற்கும் முன்பு வந்ததைப் பார்த்து எழுதியிருக்கும். முதன்முதலில் எழுதியவர் யாரிடம் கேட்டார், எந்த ஏட்டைப் பார்த்தார் என்ற வினாவுக்கு எந்த மலரிலும் விடை இராது.

நம் ஊர் வரலாறுகளின் தலையாய குறை இதுவே. செய்தி இருக்கிறது, செய்தியின் வழி இல்லை. மத்ன் இருக்கிறது, இஸ்னாத் இல்லை என்று அரபு மதரஸாவில் ஓதியவர்கள் ஒரே தொடரில் சொல்லிவிடுவார்கள். உரைப்பகுதி எவ்வளவு அழகாக இருந்தாலும், அதைச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார் என்ற தொடர் அறுந்திருந்தால் அதனை ஏற்கத் தயங்கிய ஒரு சமுதாயம் நம்முடையது. ஹதீஸ் கலையில் அவ்வளவு கண்டிப்புக் காட்டிய பரம்பரை, சொந்த ஊரின் கதை என்று வந்ததும் அக்கண்டிப்பை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே நுழைவது விந்தையிலும் விந்தை.

முன்னோர் எழுதிய ஊர் வரலாறுகள்

ஊர் வரலாறு எழுதுவது மேனாட்டார் நமக்குக் கற்றுத்தந்த புதுக்கலை என்று சிலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. ஹிஜ்ரி 292இல் மறைந்த பஹ்ஷல் என்பார், இராக்கின் வாஸித் நகருக்கு வந்து வாழ்ந்த அறிவிப்பாளர்களைத் தலைமுறை தலைமுறையாக வகுத்து ஒரு நூல் செய்தார். ஹிஜ்ரி 427இல் மறைந்த ஹம்ஸா அஸ்ஸஹ்மீ, ஜுர்ஜான் நகருக்கு அவ்வாறே ஒரு வரலாறு எழுதினார். கதீப் அல்பக்தாதி (ரஹ்) அவர்களின் பக்தாது வரலாறு ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரின் வாழ்க்கைக் குறிப்புகளைக் கொண்டது. இப்னு அஸாகிர் (ரஹ்) அவர்களின் திமிஷ்க் வரலாறு, பெய்ரூத்தில் அச்சானபோது எண்பது தொகுதிகளாக விரிந்தது.

இந்நூல்களின் பருமனைக் கண்டு வியப்பதோடு நின்றுவிடலாகாது. அவற்றின் முறையைக் காணவேண்டும். செய்தி ஒவ்வொன்றும் இன்னார் இன்னாரிடம் கேட்டது என்ற தொடருடன் வருகிறது. ஒரே நிகழ்ச்சி குறித்து இரண்டு கூற்றுகள் கிடைத்தால் இரண்டையும் ஆசிரியர் எழுதி வைக்கிறார். தமக்குப் பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதை மறைப்பதில்லை. பக்தாது, திமிஷ்க் வரலாறுகள் இரண்டிலும் பெண்டிருக்கெனத் தனிப்பகுதி உண்டு என்பதும் கருதத்தக்கது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இருந்த இந்த ஒழுங்கோடு நம் மலர்களை ஒப்பிட்டுப் பார்த்தால், நாம் முன்னேறினோமா, பின்வாங்கினோமா என்ற ஐயம் எழுகிறது.

கதீப் அல்பக்தாதி அவர்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் பக்தாதில் ஓர் ஆவணம் அமைச்சரிடம் கொண்டுவரப்பட்டது. கைபர்வாசிகளுக்கு ஜிஸ்யா வரியிலிருந்து விலக்களித்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே எழுதிக் கொடுத்தது அஃது என்றும், நபித்தோழர்கள் அதில் சாட்சியாக உள்ளனர் என்றும் கூறப்பட்டது. அமைச்சர் அதனைக் கதீப் அவர்களிடம் காட்டினார். அவர் படித்துப் பார்த்துப் போலி என்றார். எப்படி அறிந்தீர் என்று கேட்டபோது காரணம் இரண்டு சொன்னார். சாட்சிகளுள் ஒருவராக முஆவியா (ரலி) அவர்களின் பெயர் உள்ளது; அவர்கள் இஸ்லாத்தை ஏற்றது மக்கா வெற்றியின் ஆண்டாகிய ஹிஜ்ரி 8இல்; கைபர் நிகழ்ந்ததோ ஹிஜ்ரி 7இல். மற்றொரு சாட்சி ஸஅத் இப்னு முஆத் (ரலி). அவர்கள் ஹிஜ்ரி 5இலேயே மறைந்துவிட்டார்கள்.

இந்நிகழ்ச்சியில் நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்று உண்டு. ஆவணத்தில் பெருமானாரின் திருப்பெயர் இருந்தது. பெரும் நபித்தோழர்களின் பெயர்கள் இருந்தன. ஆயினும் பெயர்களின் புனிதம் கருதி அந்த அறிஞர் வாய்மூடி இருக்கவில்லை. புனிதமான பெயர்மீது பொய் ஏறக்கூடாது என்ற அக்கறையே அவரை ஆண்டுகளைக் கணக்கிட வைத்தது. உரைத்துப் பார்ப்பது அவமதிப்பு என்று கருதுவோர் இதனை மறந்துவிடலாகாது.

தொன்மை என்னும் மயக்கம்

நம் கடற்கரை ஊர்களின் மலர்களைப் படிப்போர் ஒரு போட்டியைக் காணலாம். எந்த ஊர்ப் பள்ளிவாசல் மூத்தது என்பதே அப்போட்டி. ஓர் ஊர் ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டு என்றால், அடுத்த ஊர் இரண்டாம் நூற்றாண்டு என்கிறது. அதற்கடுத்த ஊர் நபிகள் நாயகத்தின் காலத்துக்கே சென்றுவிடுகிறது. அரபு வணிகர்கள் இக்கரைக்கு மிகப் பழங்காலந்தொட்டே வந்து போயினர் என்பதில் ஐயமில்லை. ஆனால் வணிகர் வந்தனர் என்பது வேறு. இப்போது நிற்கும் இந்தக் கட்டடம் அந்த ஆண்டில் எழுந்தது என்பது வேறு. முதற்கூற்று உண்மையாக இருப்பதைக் கொண்டு இரண்டாம் கூற்றும் மெய்ப்பட்டுவிடாது.

கட்டடத்தின் வயதைச் சொல்லக் கட்டடமே ஓரளவு சாட்சி சொல்லும். தூண்களின் வடிவம், போதிகையின் வேலைப்பாடு, கல்லில் வெட்டிய எழுத்து, கபுறுக் கற்களில் பொறித்த ஹிஜ்ரி ஆண்டு ஆகியவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் உள்ளனர். மெஹர்தாத் ஷுகூஹி என்னும் அறிஞர் காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களின் பழம்பள்ளிகளை அளந்து, வரைபடம் எழுதி, தென்னிந்திய முஸ்லிம் கட்டடக்கலை பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் 2003ஆம் ஆண்டில் வெளிவந்தது. சோழமண்டலக் கடற்கரை முஸ்லிம்களின் கடல்சார் வரலாற்றை ஜெ. ராஜா முகம்மது அவர்கள் ஆய்ந்தெழுதிய நூல் 2004இல் சென்னை அரசு அருங்காட்சியக வெளியீடாக வந்தது. இவற்றுக்குப் பின்னும் ஊர்மலர்கள் பழைய பாட்டையே பாடுகின்றன என்றால், கழகத்தார் தம் ஊரைப்பற்றி மற்றவர் எழுதியதைக்கூடத் தேடிப் படிக்கவில்லை என்றே கொள்ளவேண்டும். அளவுக்கயிறும் குறிப்பேடும் கொண்டு எங்கிருந்தோ ஒருவர் வந்து அளக்கும்வரை, அன்றாடம் ஐவேளையும் அத்தூண்களினூடே நடந்துபோன நாம் அவற்றை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

வேறொரு சான்றும் காட்டலாம். மார்க்கோ போலோ குறிப்பிட்ட காயல் துறைமுகம் எது என்பது நெடுநாள் வழக்கு. காயல்பட்டினமே அது என்பது ஊரார் பலரின் துணிபு. தாமிரபரணி முகத்துவாரத்துக்கு அருகிலுள்ள பழையகாயலே அது என்பது, 1881இல் திருநெல்வேலி வரலாற்றை வெளியிட்ட கால்டுவெல் அவர்களின் முடிபு. நல்ல ஊர் வரலாறு இரண்டு முடிபுகளையும் எடுத்துச் சொல்லி, எதற்கு எந்தச் சான்று உண்டு என்று காட்டும். மலர் எழுதுவோரோ கால்டுவெல்லின் பெயரையே சொல்லாமல் கடந்து செல்கின்றனர். எதிர்க்கட்சியின் சாட்சியை மறைத்துப் பெறும் தீர்ப்பு நிலைக்குமா?

இப்னு கல்தூன் தம் வரலாற்றுக்கு எழுதிய முன்னுரையில் (1377) வரலாற்றாசிரியர்களின் தவறுகளுக்குக் காரணங்களை வகுத்துச் சொல்கிறார். ஒரு கொள்கையின் மீதோ கூட்டத்தின் மீதோ கொள்ளும் சார்பு, சொன்னவரை அப்படியே நம்பிவிடுதல், உயர்நிலையில் உள்ளோரைப் புகழ்ந்து நெருங்க விரும்புதல், சமுதாய வாழ்வின் இயல்பை அறியாமை ஆகியன அவற்றுட் சில. மூஸா (அலை) அவர்களின் படையில் ஆறு இலட்சம் பேர் இருந்தனர் என்று மஸ்ஊதி எழுதியதை எடுத்துக்கொண்டு, அத்தனை பேரை ஒரு நாடு தாங்குமா, ஒரு போர்க்களம் கொள்ளுமா என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறார். ஒரு கப்பலில் ஆயிரம் குடும்பங்கள் வந்திறங்கின என்று நம் மலர்கள் எழுதும்போது, அந்நாளைய மரக்கலம் எத்தனை பேரைச் சுமக்கும் என்ற கேள்வியை யாராவது ஒருவர் கேட்டிருக்க வேண்டாமா?

விடுபட்டோர் யாவர்?

ஒரு நூலில் உள்ளதைக் குறைகூறுவதோடு திறனாய்வாளன் நின்றுவிடக் கூடாது, இல்லாததையும் சுட்டவேண்டும். ஊர்மலர்களில் வள்ளல்கள் இருக்கிறார்கள், கப்பல் வணிகர்கள் இருக்கிறார்கள், ஆலிம்களும் புலவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கவேண்டியவர்களே. ஸதக்கத்துல்லாஹ் அப்பா, சீதக்காதி, உமறுப்புலவர், மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்றோர் இன்றி நம் வரலாறு இல்லை. ஆனால் முத்துக் குளித்தவர் எங்கே? அந்தக் கப்பலுக்குப் பாய் தைத்தவர் எங்கே? வெற்றிலைக் கொடிக்கால் வைத்தவர், தோல் பதனிட்டவர், பத்தமடையில் கோரைப்பாய் நெய்தவர் எங்கே? இலங்கைக்கும் பர்மாவுக்கும் பினாங்குக்கும் போய், கடையில் சிப்பந்தியாக நின்று, மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்பியவர்களின் கடிதங்கள் எங்கே?

பெண்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அரபுத்தமிழ் எழுத்தை வீட்டுக்குள் உயிரோடு காத்தவர்களுள் பெரும்பங்கு பெண்களுக்கே உரியது. மாலையும் கிஸ்ஸாவும் முனாஜாத்தும் இராகத்தோடு ஓதியவர்கள் அவர்கள். தாலாட்டும் கலியாணப் பாட்டும் அவர்கள் நெஞ்சில் இருந்தன. ஆயினும் கழகக் கூட்டங்கள் நடக்கும் இடத்துக்கு அவர்கள் வருவதில்லை; கழகத்தார் அவர்களிடம் போவதும் இல்லை. இதற்குத் தீர்வு கடினமன்று. கழகத்தில் பெண் தொண்டர்கள் இருந்தால், அவர்கள் தம் பாட்டிமாரிடம் அமர்ந்து கேட்கலாம். ஒரு கல்லூரி மாணவி தன் கண்ணும்மாவிடம் ஓர் அந்திப் பொழுதில் கேட்டு எழுதக்கூடியதை, ஆண்கள் பத்துப்பேர் கூடிப் பத்து ஆண்டு முயன்றாலும் எழுதமுடியாது. அந்த மூதாட்டியரோ ஒவ்வொருவராக விடைபெற்றுக் கொண்டிருக்கின்றனர்.

அண்டை அயலாரும் விடுபடுகிறார்கள். கீழக்கரைக்கு வடக்கே உள்ள திருப்புல்லாணிப் பெருமாள் கோயிலின் கல்வெட்டொன்று, 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய மன்னர் பவித்திரமாணிக்கப்பட்டினத்துச் சோனகர் பள்ளிக்கு அளித்த கொடையைக் கூறுகிறது. நம் பள்ளிவாசல் ஒன்றின் பழம்பெருமை பெருமாள் கோயிலின் சுவரில் எழுதப்பட்டு, எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் காக்கப்பட்டு வந்திருக்கிறது. நம் தெருவுக்குள் மட்டும் தேடுகிறவனுக்கு இச்சான்று கிடைக்குமா? ஊர் என்பது ஒரு தெருவன்று, ஒரு ஜமாஅத்துமன்று. கரையாளரும் நாடாரும் பரதவரும் வேளாளரும் நம்மைப் பற்றி என்ன நினைவு வைத்திருக்கிறார்கள் என்று கேளாமல் எழுதுவது பாதி வரலாறே.

தொண்டரை நடத்தும் முறை

இக்குறைகளுக்கெல்லாம் அறியாமையைக் காட்டிலும் கழகம் நடத்தும் முறையே பெருங்காரணம். பெரும்பாலான கழகங்களில் மூத்தவர்கள் பேசுகிறார்கள். புரவலர் பொருள் தருகிறார். இளைஞர்கள் நாற்காலி போடுகிறார்கள். மலர் வெளியானதும் இளைஞர்களின் பெயர் ‘உறுதுணையாக நின்றோர்’ என்ற வரியில் அடங்கிவிடுகிறது. அடுத்த ஆண்டில் அவர்கள் வருவதில்லை. ‘இக்காலப் பிள்ளைகளுக்கு ஊர்ப்பற்று இல்லை’ என்று தலைவர் வருந்துகிறார். பற்று இருந்தது, செய்வதற்கு வேலைதான் தரப்படவில்லை.

தொண்டருக்குத் தரும் வேலை சிறியதாகவும் தெளிவானதாகவும் இருக்கவேண்டும். ‘ஊர் வரலாற்றைத் திரட்டி வா’ என்று சொன்னால் எவனும் திகைப்பான். ‘மேலத்தெரு மையவாடியில் எழுத்துள்ள கபுறுக் கற்கள் எத்தனை, எந்த வரிசையில் உள்ளன, ஒவ்வொன்றிலும் படிக்க முடிந்த ஆண்டு என்ன என்று எழுதி வா’ என்றால் மகிழ்ந்து செய்வான். செய்து முடித்ததும் அந்தப் பட்டியலின் அடியில் அவன் பெயரையும் நாளையும் எழுதவேண்டும். இது புகழுக்காக அன்று. பின்னர் ஐயம் எழுந்தால் யாரிடம் கேட்பது என்பதற்காகவே. அறிவிப்பாளர் தொடரில் அவனும் ஒரு கண்ணியாகிவிடுகிறான். கண்ணி என்ற பொறுப்பு அவனைக் கவனமுள்ளவனாக ஆக்குகிறது.

முதியோரிடம் கேட்டு எழுதுவதற்கும் ஒழுங்கு உண்டு. சொன்னவர் யார், அவர் வயது என்ன, அவர் கண்ணால் கண்டதா, காதால் கேட்டதா, கேட்டது என்றால் யாரிடம், எழுதியவர் யார், எந்த நாள் என்ற ஆறு வினாக்களுக்கும் குறிப்பேட்டில் இடம் வேண்டும். அவர் சொன்ன சொல்லைத் திருத்தி இலக்கணத் தமிழாக்குவது கூடாது. அந்தச் சொல்லே ஒரு சான்று. இன்று கைப்பேசியில் குரலைப் பதிவு செய்ய முடிகிறது. அதற்கு முன் அவருடைய இசைவைப் பெறவேண்டும். ஒருவர் சொன்னதை, அவரோடு கலந்து பேசியிராத மற்றொருவரிடம் தனியே கேட்டு ஒத்துப் பார்க்கவேண்டும். கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கவும் இரு சாட்சிகளை ஏற்படுத்தவும் பணிக்கும் வசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை அறிந்த நமக்கு இந்தக் கண்டிப்புப் புதிதாகத் தோன்றலாகாது.

ஆண்டுக் கணக்கு முதியோருக்கு நினைவிராது. ‘எந்த வருஷம்?’ என்று கேட்டால் திணறுவார்கள்; சிலர் நம்மை மகிழ்விக்க ஏதோ ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார்கள். ‘ரங்கூனிலிருந்து நடந்து வந்தார்களே, அதற்கு முன்னா பின்னா?’ என்று கேட்டால் 1942 கையில் அகப்படும். ‘தனுஷ்கோடிப் புயலின்போது உங்களுக்குக் கலியாணம் ஆகிவிட்டதா?’ என்றால் 1964 அகப்படும். ஆழிப்பேரலைக்கு முன்னா பின்னா என்றால் 2004. அரபுகளும் யானை ஆண்டு என்றே கணக்கிட்டனர். உமர் (ரலி) அவர்களிடம் ‘ஷஅபான்’ என்று மட்டும் குறித்த ஓர் ஆவணம் வந்தபோது, எந்த ஷஅபான் என்ற கேள்வி எழுந்ததென்றும், ஹிஜ்ரி ஆண்டு வகுக்கப்பட்டதற்கு அது ஒரு காரணமாயிற்றென்றும் வரலாற்றாசிரியர்கள் கூறுவர். தேதியில்லாத குறிப்பு எவ்வளவு பெரிய இடர் என்பதை அந்நாளிலேயே உணர்ந்திருந்தனர்.

ஏடுகளும் அமானிதமும்

பழைய வீடுகள் இடிபடும்போது பரணிலிருந்து இறங்கும் அரபுத்தமிழ் ஏடுகளைப் பற்றி ஒரு சொல். அவற்றின் எழுத்து அரபு, மொழி தமிழ். அரபியில் இல்லாத ட, ப, ங முதலிய ஒலிகளுக்காக எழுத்துகளில் புள்ளியும் குறியும் கூட்டி அமைத்துள்ளனர். அரபு மட்டும் தெரிந்தவருக்கு மொழி விளங்காது. தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு எழுத்து விளங்காது. ஆகவே வீட்டார் அதனைக் குர்ஆன் பிரதி என்று கருதிக் கண்ணியத்தோடு மண்ணில் புதைத்துவிடுகின்றனர், அல்லது கடலில் விட்டுவிடுகின்றனர். அது வணிகக் கணக்காகவோ, மருத்துவக் குறிப்பாகவோ, ஒரு தாய் மகனுக்கு எழுதிய மடலாகவோ இருக்கக்கூடும். மதரஸா மாணவரும் பள்ளித் தமிழாசிரியரும் அருகருகே அமர்ந்து படித்தாலன்றி இவ்வேடுகள் வாய் திறவா. இந்த இருவரையும் ஒரே பாயில் உட்கார வைப்பதே ஊர்க் கழகத்தின் தனிச்சிறப்பாக இருக்கமுடியும்.

ஆனால் ஏட்டை வாங்குவதில் ஒரு நெறி வேண்டும். ‘படித்துவிட்டுத் தருகிறேன்’ என்று வாங்கிச் சென்றவர் திருப்பித் தராமையால், அடுத்து வருகிறவருக்குக் கதவு அடைபட்டுப் போன வீடுகள் ஊருக்கு ஊர் உண்டு. வாங்கிய பொருள் அமானிதம். வீட்டிலேயே படம் எடுத்துக்கொண்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவதே சிறந்தது. வாங்கியே ஆகவேண்டுமெனில் இரசீது எழுதிக் கொடுக்கவேண்டும். அறிவியல், வரலாறு, இலக்கியம் ஆகியவற்றில் மதிப்புடைய கையெழுத்துப் படிகள் 75 ஆண்டுகளைக் கடந்துவிட்டால், 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள் ஆகின்றன. அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மண்ணில் புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம். தொண்டர்கள் இவற்றை அறிந்திருக்கவேண்டும். கபுறுக் கற்களின் எழுத்து விளங்கவில்லை என்று வண்ணம் பூசுவதும், அமிலம் ஊற்றிக் கழுவுவதும் கல்லைக் கொல்வதற்கு ஒப்பாகும். காலை வெயில் சாய்வாக விழும்போது படம் எடுத்தால் எழுத்து தானே எழுந்து நிற்கும்.

திரட்டியவை எங்கே போகின்றன என்பது அடுத்த கேள்வி. பல கழகங்களின் ஆவணக்காப்பகம் செயலாளர் வீட்டு இரும்புப் பெட்டிதான். அவர் மறைந்தால் பெட்டி பிள்ளைகளிடம் போகிறது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். வீடு கைமாறும்போது பெட்டி பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதி வாழ்ந்த ரோஜா முத்தையா அவர்கள், தம் வாழ்நாளெல்லாம் நூல்களையும் இதழ்களையும் அழைப்பிதழ்களையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அத்தொகுப்பு சென்னைக்கு வந்து, அவர் பெயராலேயே ஆராய்ச்சி நூலகமாக இன்று விளங்குகிறது. அந்த நல்வாய்ப்பு எல்லாப் பெட்டிக்கும் வாய்ப்பதில்லை. திருச்சியில் கண் மருத்துவர் இரா. கலைக்கோவன் அவர்கள் 1982இல் நிறுவிய மா. இராசமாணிக்கனார் வரலாற்றாய்வு மையமோ, ‘வரலாறு’ என்னும் ஆய்விதழ் வழியாகத் தன் கண்டறிதல்களை உடனுக்குடன் அச்சேற்றி வந்தது. முழுநேரத் தொழில் வேறாக இருந்தும் வரலாற்றுப் பணியைச் செம்மையாகச் செய்யமுடியும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

தமிழ்நாட்டுச் சங்கப் பதிவுச் சட்டம் (1975) ஒரு சங்கத்துக்கு ஏழு பேர் போதும் என்கிறது. ஏழு பேரைச் சேர்ப்பது எளிது. எழுபது ஆண்டு நிலைப்பது அரிது. ஒவ்வொரு குறிப்புக்கும் மூன்று படிகள் எடுத்து, ஒன்றைக் கழகத்திலும், ஒன்றை ஊர் நூலகத்திலும், ஒன்றைத் தொலைவிலுள்ள ஒரு கல்லூரியிலோ ஆராய்ச்சி நூலகத்திலோ வைத்துவிட்டால், தீயும் வெள்ளமும் வாரிசுச் சண்டையும் எதுவும் செய்ய இயலா. ஆண்டுக்கணக்கைப் பொதுக்கூட்டத்தில் படிக்கவேண்டும். செயலாளர் பதவிக்குக் கால வரையறை வேண்டும். இவை சிறு செய்திகளாகத் தோன்றலாம். கழகங்கள் உடைந்ததெல்லாம் இச்சிறு செய்திகளில்தான்.

தரம் பிரித்தல்

‘இப்படியெல்லாம் உரைத்துப் பார்த்தால் நம்மிடம் மிஞ்சுவது என்ன? முன்னோர் சொன்ன கதைகளையெல்லாம் தூக்கி எறிவதா?’ என்று சில பெரியவர்கள் கேட்கக்கூடும். நியாயமான வினா. விடையும் நம் கலையிலேயே இருக்கிறது. முஹத்திஸ்கள் செய்திகளை மெய், பொய் என்று இரண்டாக வெட்டிவிடவில்லை. ஸஹீஹ் என்றும் ஹஸன் என்றும் ளயீஃப் என்றும் மவ்ளூஃ என்றும் தரம் பிரித்தார்கள். வலுக்குறைந்ததை வலுக்குறைந்தது என்று சொல்லியே பாதுகாத்தார்கள். எறிந்துவிடவில்லை, ஏமாற்றவும் இல்லை.

ஊர் வரலாற்றிலும் அவ்வாறு செய்யலாம். இது கல்வெட்டில் உள்ளது. இது ஜமாஅத் பதிவேட்டில் உள்ளது. இது கண்ணால் கண்ட ஒருவர் சொன்னது. இது செவிவழி வந்தது. இதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை என்று ஒவ்வொரு செய்தியின் பக்கத்திலும் ஒரு சொல் எழுதிவிட்டால் போதும். மகான் ஒருவரின் மரக்கலம் கரைசேர்ந்த கதை செவிவழிச் செய்தி என்ற தலைப்பில் மதிப்போடு வீற்றிருக்கும். அந்தக் கதையை மக்கள் ஏன் இத்தனை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள் என்பதும் ஆராயத்தக்க வரலாறே. கதையைக் கல்வெட்டு என்று சொல்லும்போதுதான் இரண்டும் கெடுகின்றன. பின்வரும் ஒருவர் கதையைப் பொய்யென்று நிறுவினால், அதனோடு ஒட்டியிருந்த உண்மையான கல்வெட்டையும் உலகம் ஐயுறும்.

பொருள் கொடுப்பவரின் பாட்டனார் பெயர் முதலில் வரவேண்டும் என்ற வற்புறுத்தல் வரும். கழகத்தின் நேர்மைக்கு அதுவே சோதனை. புரவலருக்கு நன்றியுரைப் பக்கத்தில் எவ்வளவு இடமும் தரலாம். வரலாற்றுப் பக்கத்தில் சான்று தரும் இடத்தை மட்டுமே தரமுடியும். இதனைப் பணிவோடும் தெளிவோடும் சொல்லத் தெரிந்த செயலாளர் ஒருவர் அமைந்தால் அந்த ஊர் பேறு பெற்றது. அப்படிச் சொல்வதனால் ஒரு விளம்பரம் குறையலாம், மலர் மெலியலாம். மெலியட்டும்.

ஊரின் ஒரு மையவாடியில் உள்ள எழுத்துக் கற்கள் அனைத்தையும் வரிசைப்படுத்தி, படித்ததைப் படித்தபடியும், படிக்க இயலாததைப் படிக்க இயலவில்லை என்றும் எழுதி, எழுதியவர் பெயரோடு நாற்பது பக்கங்களில் ஒரு கழகம் சிறு நூல் வெளியிடுமானால், நானூறு பக்க வண்ண மலரினும் அதனையே திறனாய்வாளன் உயர்த்திப் பேசுவான். நூறாண்டு கழித்து அந்தக் கற்கள் தேய்ந்தோ பெயர்ந்தோ போயிருக்கலாம். அன்று ஒரு பேரன் தன் பாட்டனாரின் பாட்டனார் பெயரைத் தேடி வருவான். அவனுக்கு நம் புகழுரைகள் எதுவும் பயன்படா. இன்ன கல்லை, இன்ன நாளில், இன்னார் கண்ணால் கண்டு எழுதினார் என்ற ஒரு வரி போதும். அந்த வரியை எழுதி வைப்பதற்கே ஊர்க் கழகங்கள் உள்ளன. அதனை எழுதும் கைகளுக்கு அல்லாஹ் வலிமை தருவானாக.